டேஞ்சர், வார்னிங், காஷன்: எல்லாமே 'எச்சரிக்கை'தானா?

எழுத்தாணி

ஆங்கிலக் கையேடுகளைத் தமிழாக்குபவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் பொதுவான ஒரு கேள்வி. இயந்திரக் கையேட்டின் ஒரே பக்கத்தில் டேஞ்சர், வார்னிங், காஷன், நோட்டிஸ் நான்கும் வருகின்றன. அகராதியைப் பார்த்தால் நான்கும் ஒன்றுக்கொன்று சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. இவற்றுக்குள் ஏற்ற இறக்கம் உண்டா? பேச்சில் வரும் 'வாட்ச் அவுட்', 'மைண்ட்', 'பிவேர்', 'ஹெட்ஸ் அப்' எல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? தமிழில் எதற்கு எதைப் போடுவது?

கருவிப்பெட்டி

முதலில் அகராதியை மூடி வையுங்கள். இந்த நான்கும் அமெரிக்கத் தர நிர்ணயமான ஆன்சி இசட்535 வரிசையில் வரையறுக்கப்பட்ட சொற்கள். பொருட்களில் ஒட்டும் பட்டைகளுக்கு இசட்535.4, கையேடுகளுக்கு இசட்535.6. அதன்படி:

டேஞ்சர்: தவிர்க்காவிட்டால் சாவோ படுகாயமோ நேரும். சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து.

வார்னிங்: தவிர்க்காவிட்டால் சாவோ படுகாயமோ நேரக்கூடும். ஆரஞ்சில் கறுப்பு.

காஷன்: சிறிய அல்லது நடுத்தரக் காயம் நேரக்கூடும். மஞ்சளில் கறுப்பு.

நோட்டிஸ்: ஆளுக்கு ஒன்றும் ஆகாது, பொருளுக்குச் சேதம். நீலத்தில் வெள்ளைச் சாய்வெழுத்து.

பலரும் சறுக்கும் இடம் முதல் இரண்டும்தான். டேஞ்சரில் சாவு, வார்னிங்கில் அதைவிடக் குறைந்த காயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விளைவு இரண்டிலும் ஒன்றே. நிச்சயம்தான் வேறு. ஆங்கிலத்தில் 'வில்', 'குட்' என்ற இரண்டு துணைவினைகள் அந்த வேலையைச் செய்கின்றன. தமிழாக்கத்தில் 'நேரும்', 'நேரக்கூடும்' என்ற வேறுபாட்டைத் தொலைத்துவிட்டால், தலைப்பில் எந்தச் சொல்லைப் போட்டும் பயனில்லை.

சிறகடி

கருவிப்பெட்டி சொன்னது தொழிற்சாலைப் பொருட்களுக்குச் சரி. விமானப் பராமரிப்புக் கையேட்டை எடுத்தால் அதே சொற்கள் வேறு கணக்கில் ஓடும். அங்கே வார்னிங் என்றால் ஆளுக்குக் காயம் அல்லது உயிரிழப்பு. காஷன் என்றால் கருவிக்குச் சேதம். நோட் என்றால் வேலையை எளிதாக்கும் தகவல். அதாவது ஆன்சி 'நோட்டிஸ்' என்று சொல்வதை இவர்கள் 'காஷன்' என்கிறார்கள். ஒரு துறையின் சொற்பட்டியலை இன்னொரு துறைக் கையேட்டில் அப்படியே கொண்டுபோய் ஒட்டினால், 'சிறு காயம் நேரலாம்' என்ற எண்ணத்தில் படிக்க வேண்டிய வரியைத் 'திருகு கெட்டுப்போகும்' என்று படிப்பார்கள். தலைகீழாகவும் நடக்கும்.

விமானி அறையில் இன்னொரு கணக்கு: சிவப்பு வார்னிங் வந்தால் உடனே ஏதாவது செய்ய வேண்டும். மஞ்சள் காஷன் வந்தால் உடனே கவனிக்க வேண்டும், செயல் பின்னால் வரலாம். காயத்தின் அளவு அங்கே அளவுகோல் இல்லை, நேரம்தான்.

நுண்துகள்

இரசாயனப் பொருட்களில் குழப்பம் இன்னும் ருசியானது. இரசாயன ஆபத்துகளை வகைப்படுத்திப் பட்டையிடுவதற்கான ஐ.நா.வின் ஜிஎச்எஸ் முறையில் டேஞ்சர், வார்னிங் என்று இரண்டே சொற்கள். காஷன் கிடையாது. டேஞ்சர் வந்துவிட்டால் அதே பட்டையில் வார்னிங் வரக் கூடாது என்பதும் விதி. அமெரிக்கப் பூச்சிக்கொல்லிப் பட்டைகளில் டேஞ்சர், வார்னிங், காஷன் என்று மூன்று.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் வாய்வழி அளவு, உடல் எடை கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றை மட்டும் பார்த்தால், ஜிஎச்எஸ் முறையில் 50-க்கு மேல் 300 வரை மூன்றாம் வகை, அதனால் டேஞ்சர். அமெரிக்கப் பூச்சிக்கொல்லி விதியில் 50-க்கு மேல் 500 வரை இரண்டாம் வகை, அதனால் வார்னிங். புட்டிக்குள் இருப்பது அதே சரக்கு, வெளியே சொல் மட்டும் மாறிவிட்டது.

ஆகவே சொல்லை மட்டும் பார்த்து 'இது அதைவிட ஆபத்து குறைந்தது' என்று முடிவு கட்டக் கூடாது. பட்டை எந்த முறையில் எழுதப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரட்டைமேற்கோள்

மென்பொருள்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினிகள் தங்களுக்குள் நடப்பதைக் குறித்துவைக்கும் சிஸ்லாக் பதிவுகளில் 0 முதல் 7 வரை எட்டுப் படிகள்: எமர்ஜென்ஸி, அலர்ட், கிரிட்டிக்கல், எரர், வார்னிங், நோட்டிஸ், இன்ஃபர்மேஷனல், டீபக். 0-தான் உச்சம். இதில் அலர்ட் 1, வார்னிங் 4. அலர்ட் வந்தால் தூங்குபவரை எழுப்ப வேண்டும். வார்னிங் வந்தால் காலையில் பார்த்தால் போதும்.

எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் தரும் வார்னிங் இன்னும் இளைத்தது. நிரல் ஓடும், ஆனால் எங்கோ இடிக்கும் என்று அர்த்தம். அதனால்தான் நிரலர்களில் பலருக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே கண் தானாகத் தாண்டிவிடுகிறது. இது நல்ல பழக்கம் இல்லை என்பது வேறு விஷயம்.

மழைமானி

> அலர்ட் வந்தால் தூங்குபவரை எழுப்ப வேண்டும். வார்னிங் வந்தால் காலையில் பார்த்தால் போதும்.

வெள்ளத்துக்கு இதைப் பின்பற்றினால் மூழ்கிப்போவீர்கள்! இங்கிலாந்தில் ஃப்ளட் அலர்ட் என்பது கீழ்ப்படி: வெள்ளம் வரலாம், தயாராக இருங்கள். ஃப்ளட் வார்னிங் அதற்கு மேல்: வெள்ளம் எதிர்பார்க்கப்படுகிறது, செயல்படுங்கள். உச்சியில் 'சிவியர் ஃப்ளட் வார்னிங்': உயிருக்கே ஆபத்து. சிஸ்லாக் வரிசைக்கு நேர் எதிர்.

அமெரிக்க வானிலைத் துறையில் 'வாட்ச்', 'வார்னிங்' என்ற இணை உண்டு. டொர்னாடோ வாட்ச் என்றால் சூறாவளி உருவாகச் சாதகமான சூழல் இருக்கிறது, பெரிய பரப்புக்கு, சில மணி நேரத்துக்கு. டொர்னாடோ வார்னிங் என்றால் யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள் அல்லது ரேடாரில் தெரிந்துவிட்டது, இப்போதே பதுங்குங்கள். வாட்சைக் 'கண்காணிப்பு' என்று தமிழாக்கினால் அதிகாரிகள் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று தொனிக்கும். விழித்திருக்க வேண்டியது படிப்பவர். 'சூறாவளி வாய்ப்பு, விழிப்பாக இருங்கள்' என்று விரித்து எழுதுவது மேல்.

பிரிட்டனில் 'ஆம்பர் வார்னிங்' என்றால் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவிலுள்ள வானிலை நிலை. அமெரிக்காவில் 'ஆம்பர் அலர்ட்' என்றால் கடத்தப்பட்ட குழந்தையைத் தேடும் அறிவிப்பு. 1996-ல் கடத்திக் கொல்லப்பட்ட ஒரு சிறுமியின் பெயரிலிருந்து வந்தது. அதற்கும் நிறத்துக்கும் தொடர்பு இல்லை.

எழுத்தாணி

அப்படியானால் இந்தச் சொற்களுக்கு இயல்பான எடையே கிடையாதா? அந்தந்தத் துறை வைத்ததுதான் எடையா?

சொல்லேர்

எடை உண்டு. இல்லாவிட்டால் சட்டம் இயற்றுபவர்கள் சொல்லுக்குச் சொல் சண்டை போட மாட்டார்கள். அமெரிக்க சிகரெட் பெட்டிகளில் 1966 முதல் இருந்த வரி 'காஷன்' என்று தொடங்கியது: புகைப்பது உடல்நலத்துக்குக் கேடாக இருக்கலாம். 1970-ல் அது 'வார்னிங்' ஆயிற்று: புகைப்பது உடல்நலத்துக்கு ஆபத்தானது என்று சர்ஜன் ஜெனரல் (அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரி) தீர்மானித்திருக்கிறார். 'மே பி ஹசார்டஸ்' போய் 'இஸ் டேஞ்சரஸ்' வந்தது. முதல் சொல், துணைவினை, பெயரடை என்று மூன்றையும் ஒருசேர ஏற்றியிருக்கிறார்கள். பொதுக் காதில் காஷனைவிட வார்னிங் கனமானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

துறைகள் செய்வது, அந்தப் பொது எடையை எடுத்துத் தங்கள் தராசில் மறுபடி நிறுத்துக்கொள்வது. காஷன் வார்னிங்குக்கு மேலே போகும் பட்டியல் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. நாடோடி அலர்ட்தான். 'காவல் மேட்டுக்கு' என்ற பொருளுள்ள இத்தாலியத் தொடர் அதன் மூலம். அலாரமும் அந்த வழிதான்: 'ஆயுதமெடு' என்ற கூவல்.

இனிப் பேச்சுக்கு வருவோம். அங்கே பெயர்ச்சொற்களுக்கு வேலை இல்லை. கல் விழும்போது யாரும் 'வார்னிங்!' என்று கத்துவதில்லை.

'லுக் அவுட்!', 'வாட்ச் அவுட்!' இரண்டும் பொதுக் கூவல்கள். வெளியே பார் என்பது பொருளில்லை. 'பாத்து!' என்று நாம் கத்துகிறோமே, அதுதான். பின்னால் 'ஃபார்' சேர்த்தால் ஆபத்து எது என்று சொல்லலாம்: 'வாட்ச் அவுட் ஃபார் த வயர்'. ஆனால் 'லுக் அவுட் ஃபார் யுவர் பிரதர்' என்றால் தம்பியைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம், தம்பியிடம் எச்சரிக்கையாக இரு என்று அர்த்தமில்லை.

'மைண்ட்' பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர் 'வாட்ச் யுவர் ஸ்டெப்' என்பார். மைண்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'மைண்ட் த கேப்' என்றால் இடைவெளி ஆபத்து. 'மைண்ட் யுவர் ஹெட்' என்றால் தலை காப்பாற்றப்பட வேண்டியது. வாக்கிய அமைப்பு ஒன்று, பாத்திரம் நேர் எதிர். தமிழிலும் 'படி, பாத்து', 'தலை, பாத்து' என்று இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் ஓட்டுகிறோம்.

'கேர்ஃபுல்' பெரும்பாலும் முன்னிடைச்சொல்லை வைத்துப் பிரித்துக்கொள்ளும். 'கேர்ஃபுல் வித் த கிளாஸ்' என்றால் கண்ணாடியை உடைத்துவிடாதே. 'கேர்ஃபுல் ஆஃப் த கிளாஸ்' என்றால் கண்ணாடி உன்னைக் கிழித்துவிடும். இது சட்டமில்லை, சாய்வு. 'கேர்ஃபுல் வித் தட் நைஃப்' என்று சொல்பவர் கத்திக்காகக் கவலைப்படவில்லை.

'பிவேர்' ஊனமான வினைச்சொல். இன்றைய ஆங்கிலத்தில் ஏவலாகவும், 'ஷுட்', 'மஸ்ட்', 'டு' போன்றவற்றுக்குப் பின்னாலும் மட்டும் வரும். 'பிவேர்ஸ்', 'பிவேர்ட்' என்றெல்லாம் எழுத வழியில்லை. 'அவன் நாயிடம் எச்சரிக்கையாக இருந்தான்' என்று சொல்ல வேறு சொல்லைத் தேட வேண்டும். அலுவலகக் கடிதங்களில் 'ப்ளீஸ் பிவேர் தட் த ஆஃபீஸ் வில் பி க்ளோஸ்ட்' என்று பார்க்கிறேன். அது 'பி அவேர்' ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலுவலகம் கடிக்கும்.

சிறகடி

'ஹெட்ஸ் அப்' விட்டுப்போயிற்று.

சொல்லேர்

அது தனியாக ஒரு வம்பு. மைதானத்தில் 'ஹெட்ஸ் அப்!' என்று கத்தினால் பந்து உன் பக்கம் வருகிறது, கவனி என்று பொருள். சொல்லுக்குச் சொல் எடுத்துத் தலையை நிமிர்த்தினால் பந்து முகத்தில். குனிய வேண்டுமென்றால் 'டக்!' என்பார்கள். செய்ய வேண்டியதை நேரடியாகச் சொல்லும் ஓரசைக் கூவல் எப்போதும் மேல்.

தொழில்களுக்கென்று தனிக் கூவல்களும் உண்டு. கோல்ஃபில் 'ஃபோர்!', மரம் வெட்டுமிடத்தில் 'டிம்பர்!', மலையேறுபவர்களிடம் 'ராக்!', வெடி வைக்குமிடத்தில் 'ஃபயர் இன் த ஹோல்!', பெரிய சமையற்கூடங்களில் ஆளுக்குப் பின்னால் போகும்போது 'பிஹைண்ட்!'. மலையில் விழுவது தண்ணீர்ப் புட்டியாக இருந்தாலும் 'ராக்!' என்றே கத்துவார்கள். புட்டி என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருக்க அவகாசம் இல்லை, கேட்பவருக்கும் பொருளின் பெயர் வேண்டாம்.

கற்றல்வழி

இலக்கணத்தில் மாணவர்கள் திரும்பத் திரும்ப விழும் நான்கு குழிகளைச் சேர்க்கிறேன்.

ஒன்று, 'வார்ன்' வினை ஒருவரிடம் ஒன்றைச் செய்யச் சொல்லும்போது, யாரை என்ற செயப்படுபொருளைக் கேட்கும். 'ஹி வார்ன்ட் டு நாட் கோ' தவறு. 'ஹி வார்ன்ட் மீ நாட் டு கோ' சரி. அதையே 'ஹி வார்ன்ட் மீ அகெய்ன்ஸ்ட் கோயிங்' என்றும் சொல்லலாம். 'அகெய்ன்ஸ்ட்'டுக்குள்ளேயே எதிர்மறை அடங்கிவிட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு 'நாட்' போட்டால் போகாமல் இருப்பதற்கு எதிராக எச்சரித்ததாகிவிடும். வரப்போகும் ஆபத்துக்கு 'வார்ன் ஆஃப்', பொதுவாக ஒன்றைப் பற்றி என்றால் 'வார்ன் அபவுட்'.

இரண்டு, 'ஹேட் பெட்டர்'. பணிவான ஆலோசனை என்று நினைத்துப் பெரியவர்களிடம் 'யூ ஹேட் பெட்டர் கம் ஏர்லி' என்கிறார்கள். சீக்கிரம் வராவிட்டால் நடப்பதே வேறு என்ற மறைமுக மிரட்டல் அதில் இருக்கிறது. மேலதிகாரியிடம் சொல்ல 'இட் மைட் பி பெட்டர் டு' போதும்.

மூன்று, 'இன் கேஸ்'. 'டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெய்ன்ஸ்' என்றால் மழை வந்தாலும் வராவிட்டாலும் இப்போதே குடையை எடுத்துக்கொள். 'இஃப் இட் ரெய்ன்ஸ்' என்றால் மழை வந்தால் எடு. ஆனால் பலகையில் 'இன் கேஸ் ஆஃப் ஃபயர், பிரேக் கிளாஸ்' என்று இருந்தால், 'ஆஃப்' சேர்ந்ததும் அது 'தீப்பிடித்தால்' என்று மாறிவிடும். இதை முன்னெச்சரிக்கையாகப் படித்துக் கண்ணாடியை முதலிலேயே உடைத்துவைக்கக் கூடாது.

நான்கு, 'இன்ஃப்ளேமபிள்'. முன்னால் இருக்கும் 'இன்' எதிர்மறை இல்லை. 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் எளிதில் தீப்பற்றும் என்றே பொருள். ஆங்கிலேயருக்கே குழப்பம் வந்ததால்தான் தீப்பாதுகாப்புத் துறையினர் குட்டைச் சொல்லைப் பரப்பினார்கள். தீப்பற்றாதது 'நான்ஃப்ளேமபிள்'.

மழைமானி

அலுவலக மின்னஞ்சலுக்கு எது பொருத்தம்? 'வார்னிங்: சர்வர் டவுன் டுமாரோ' என்று தலைப்பிடலாமா?

கற்றல்வழி

வேண்டாம். அலுவலகச் சூழலில் 'வார்னிங்' என்றால் ஒழுங்கு நடவடிக்கை வாடை அடிக்கும்: வெர்பல் வார்னிங், ரிட்டன் வார்னிங், ஃபைனல் ரிட்டன் வார்னிங் என்று படிப்படியாக வேலையை விட்டு அனுப்பும் பாதை அது. முன்கூட்டித் தெரிவிக்க 'ஹெட்ஸ்-அப்' போதும், அதில் யார்மீதும் குற்றச்சாட்டு இல்லை. 'ஜஸ்ட் எ ஹெட்ஸ்-அப்' என்று தொடங்கி எந்த நாள், எத்தனை மணி, யாருக்குப் பாதிப்பு என்று சொல்லிவிடுங்கள். நம் 'உஷார்' கிட்டத்தட்ட அந்த இடத்தில் உட்காரும், கொஞ்சம் தெருவாடை தூக்கல்.

'ஐ'ம் வார்னிங் யூ' என்பது எச்சரிக்கையின் உருவில் இருக்கும் மிரட்டல். ஆபத்து வெளியிலிருந்து வந்தால் எச்சரிக்கை, பேசுபவரிடமிருந்தே வந்தால் மிரட்டல். கால்பந்தில் மஞ்சள் அட்டைக்கு விதிப்புத்தகச் சொல் 'காஷன்'. இங்கிலாந்துக் காவலர் கைது செய்யும்போது சொல்லும் உரிமை வாசகத்துக்கும் 'காஷன்' என்றே பெயர். அமெரிக்காவில் அது 1966 தீர்ப்பிலிருந்து 'மிராண்டா வார்னிங்'.

எழுத்தாணி

இவ்வளவும் சரி. தமிழில் டேஞ்சர் அபாயம், வார்னிங் எச்சரிக்கை, காஷன் முன்னெச்சரிக்கை, நோட்டிஸ் அறிவிப்பு என்று வைத்துக்கொள்ளலாமா?

கருவிப்பெட்டி

முதல் இரண்டும் சரி. 'முன்னெச்சரிக்கை' வேண்டாம், அது 'ப்ரிகாஷன்', நாம் எடுக்கும் நடவடிக்கை. காஷனுக்குக் 'கவனம்' போடுங்கள். சிலர் 'ஜாக்கிரதை' என்பார்கள். நாய் இருக்கும் வாசலுக்கு அது பொருந்தும், கையேட்டில் 'எச்சரிக்கை'யைவிடக் கனமாகக் காதில் விழுந்து வரிசையைக் கெடுத்துவிடும். நோட்டிஸ் பொருட்சேதத்தைக் குறிப்பதால் 'அறிவிப்பு' வெறும் தகவலாகத் தெரிகிறது. நான் 'பொருள் சேத அறிவிப்பு' என்பேன். நீளம்தான், ஆனால் தப்பாகப் படிக்க முடியாது. எதைத் தேர்ந்தாலும் கையேட்டின் முதல் பக்கத்தில் நான்கின் வரையறையையும் அச்சிட்டுவிடுங்கள்.

தலைப்புச் சொல்லுக்கு அடியில் வரும் வரிகளுக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மூன்று செய்தி: ஆபத்து என்ன, சிக்கினால் என்ன ஆகும், எப்படித் தவிர்ப்பது. எடுத்துக்காட்டு: 'எச்சரிக்கை. அழுத்தத்தில் உள்ள கொதிநீர். கடும் தீக்காயம் ஏற்படக்கூடும். மூடியைத் திறக்கும் முன் அழுத்தமானி 0 காட்டும்வரை காத்திருக்கவும்.' 'கவனமாகக் கையாளவும்' என்ற வரி இந்த மூன்றில் எதையும் சொல்லவில்லை. இடத்தைத்தான் அடைக்கும்.

எச்சரிக்கை அந்தப் படிக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் வந்தால் படித்து முடிக்கும்போது கை உள்ளே இருக்கும். ஆங்கிலத்தில் 'மின்னிணைப்பைத் துண்டித்தபின்' என்பதை வாக்கியத்தின் வாலில் போடும் கெட்ட வழக்கம் உண்டு, ஆள் முதல் பாதியைப் படித்ததும் திறந்துவிடுவான். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் இந்தச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடுகிறது.

சொல்லேர்

ஆனால் அதே வினைமுற்று இன்னொரு இடத்தில் காலை வாருகிறது. ஆங்கிலத் தடையில் 'டு நாட்' முதலில் வந்துவிடும். தமிழில் 'இயந்திரம் ஓடும்போது பக்கவாட்டு மூடியைத் திறக்க...' வரை படித்தவருக்கு அது தடையா அனுமதியா என்று தெரியாது. 'காதீர்கள்' அடுத்த வரிக்கு மடிந்து போனால் இன்னும் மோசம். தடை வரிகளைச் சிறியதாக வைத்து, ஒரே வரியில் அடங்கச் செய்து, பக்கத்தில் சிவப்பு வட்டத்தில் குறுக்குக்கோடு போட்ட படத்தையும் வையுங்கள்.

'வேண்டாம்' என்பதையும் எச்சரிக்கையில் தவிருங்கள். 'மூடியைத் திறக்க வேண்டாம்' என்றால் திறக்காதே என்றும் படிக்கலாம், திறக்க அவசியமில்லை என்றும் படிக்கலாம். ஆங்கிலத்தில் 'மஸ்ட் நாட்', 'நீட் நாட்' என்று அவை தனித்தனி. தடைக்குக் 'கூடாது' அல்லது 'ஆதீர்கள்', அவசியமில்லாததற்குத் 'தேவையில்லை'.

எழுத்தாணி

'வேண்டாம்' பற்றி யோசிக்கவே இல்லை. கையிலுள்ள வரைவில் தேடினால் 41 இடத்தில் இருக்கிறது. அதில் ஒன்பது 'நீட் நாட்', மீதி எல்லாம் 'டு நாட்'. நாளைக்கு இதே வேலை.